லேசரின் வரியகலத்தைச் சமன்பாட்டில் எங்கே வைப்பது?

இரண்டு சக்தி மட்டங்கள், அவற்றுக்கிடையே ஒரு லேசர். சொட்டுப் பொறியியலை (குவாண்டம் இயக்கவியலை) கணினியில் எழுதிப் பார்க்கிற எவரும் அநேகமாக இந்தத் தொகுதியில்தான் தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவும் இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குளிர் அணு ஆய்வுகூடம் ஒன்றைக் கட்டி எழுப்பப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். இதற்கு ஒரு சாதாரண மடிக்கணினியும் பைதனும் போதும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்கள் மூன்று வகையீட்டுச் சமன்பாடுகளுக்குப் பயப்படத் தேவையில்லை.

ஆனால் உண்மையான லேசர் ஒரே மீடிறனில் (அதிர்வெண்ணில்) நிற்பதில்லை. அதற்கு ஒரு வரியகலம், அதாவது மீடிறன் பரவிநிற்கும் அளவு, உண்டு. விவரத்தாளில் 1 மெகாஹேர்ட்ஸ் என்றோ 100 கிலோஹேர்ட்ஸ் என்றோ ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எடுத்து, ஒத்திசைவு இழப்பு என்ற உறுப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். பல இடங்களில் அது சரியான விடையைத் தரும். சில இடங்களில் முழுப் பிழையான விடையை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், வழுவழுப்பான வளையியாகத் தரும். அந்த ஓர் எண் போதாது, அதன் பின்னாலுள்ள இரைச்சல் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

முதலில் சமன்பாடுகள். பீலிக்ஸ் புளொக் 1946இல் கருக்காந்தத்துக்காக எழுதியவைதான் ஒளிக்கும் பொருந்துகின்றன. லேசரின் மீடிறனோடு சேர்ந்து சுழலும் சட்டத்தில் நின்று பார்த்தால், தொகுதியின் நிலையை மூன்று மெய்யெண்கள் சொல்லிவிடும். அ, ஆ இரண்டும், இரு மட்டங்களும் கலந்து ஒன்றாக ஆடுவதை அளக்கும் ஒத்திசைவின் இரு கூறுகள். இ என்பது அருட்டிய நிலைக் குடித்தொகையிலிருந்து தரைநிலைக் குடித்தொகையைக் கழித்த எண். கா என்பது தன்னிச்சைக் காலலின் (அணு தானாகவே ஒளியை உமிழ்வதன்) வீதம், கு என்பது ஒத்திசைவு தேயும் வீதம், ஓ என்பது ராபி மீடிறன் (லேசர் அணுவை இரு மட்டங்களுக்கிடையே ஆட்டும் வேகம்), டெ என்பது பரிவு மீடிறனிலிருந்து லேசர் விலகிய அளவு. எல்லாமே கோண மீடிறன்கள்.

அ மாறும் வீதம் = −கு·அ + டெ·ஆ
ஆ மாறும் வீதம் = −டெ·அ − கு·ஆ + ஓ·இ
இ மாறும் வீதம் = −ஓ·ஆ − கா·(இ + 1)

லேசர் முற்றிலும் தூய்மையானதென்றால் கு = கா/2. அருட்டிய நிலைக் குடித்தொகை எப்போதும் (1 + இ)/2. தொடக்கத்தில் அணு தரைநிலையில் இருந்தால் அ = 0, ஆ = 0, இ = −1.

எண்களுக்கு ருபீடியம் 87இன் டி2 கோட்டை எடுத்துக்கொள்வோம்: அலைநீளம் 780.24 நானோமீற்றர், அருட்டிய நிலையின் சராசரி ஆயுள் 26.2 நானோசெக்கன், இயற்கை அகலம் 6.07 மெகாஹேர்ட்ஸ். அதாவது கா = 2பை × 6.07 மெகாஹேர்ட்ஸ், ஏறத்தாழ செக்கனுக்கு 3.81 கோடி. வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியால் சுழற்சி மாற்றத்தை இயக்கும்போது நிரம்பற் செறிவு சதுர சென்ரிமீற்றருக்கு 1.67 மில்லிவாட்டு. செறிவை அதனால் வகுத்தால் வருவது 2·ஓ²/கா². ஆகவே ஓ = கா ஆக வேண்டுமென்றால் 3.34 மில்லிவாட்டுச் செறிவு தேவை. 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள கௌசியன் கற்றையின் மையத்தில் இதைப் பெற 52 மைக்கிரோவாட்டு போதும். செறிவு விளிம்பை நோக்கிக் குறைவதால், கற்றை முழுவதிலும் உள்ள அணுக்களை எண்ணினால் ராபி மீடிறனும் பரவலாகும். அதுவும் வரியகலம்போல வேடம் போட்டு வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறைவெப்பநிலையிலுள்ள ஆவி என்றால் டொப்ளர் அகலம் 500 மெகாஹேர்ட்ஸ் அளவுக்குப் போய்விடும்; வேகங்களின் மேல் சராசரி எடுக்காமல் இந்த மாதிரியை அங்கே கொண்டுபோக முடியாது. இனி வருவது குளிர்ந்த அணுக்களுக்கு.

அலகுகளில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்: நேரத்தை மைக்கிரோசெக்கனிலும், எல்லா வீதங்களையும் மைக்கிரோசெக்கனுக்கு ஆரையனிலும் வைத்திருங்கள். அப்போது கா 38.1 என்றாகும், 1 மெகாஹேர்ட்ஸ் 6.283 ஆகும். செக்கனிலும் ஹேர்ட்ஸிலும் எழுதினால் 10இன் 7ஆம் அடுக்கு எண்களும் 10இன் −8ஆம் அடுக்கு நேரங்களும் ஒரே கோவையில் கலந்து, தீர்வு நிரலின் தனிவழு எல்லைகள் அர்த்தமிழக்கும். ஒளியின் உண்மை மீடிறனை, 384 டெராஹேர்ட்ஸை, அப்படியே கமில்டோனியனில் (தொகுதியின் சக்தியைக் குறிக்கும் செயலியில்) விட்டுவைத்தால் படிகள் போதவில்லை என்று சொல்லி நிரல் நின்றுவிடும். சுழலும் சட்டத்துக்குப் போவதே அந்த எண்ணைத் துரத்துவதற்குத்தான்.

இனி வரியகலம். லேசரின் மீடிறனில் இருப்பது வெள்ளை இரைச்சல் என்று கொண்டால், அவத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம், எழுமாற்று (தற்செயலான) நடை போடும். நிறமாலை லொரென்ட்சியன் வடிவம் எடுக்கும். அதன் அரை உயர முழு அகலத்தை 2பை ஆல் பெருக்கி வருவதை லே என்போம். அப்போது குடித்தொகையின் சராசரிக்குச் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று:

கு = கா/2 + லே/2

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நிரல்கள் சறுக்குகின்றன. முதலாவது, 2பை விடுபடுவது. இரண்டாவது, முழு அகலத்தையும் அரை அகலத்தையும் மாற்றிப் போடுவது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கியூடிப் போன்ற மென்பொருளில் தேய்வை ஒரு செயலியாகக் கொடுக்க வேண்டும். 1976இல் லின்ட்பிளாட்டும், அதே ஆண்டில் கொரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் வடித்த வடிவம் அது. (சுதர்சன் பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தை வழிநடத்தியவர்.) அருட்டிய நிலையின் எறியச் செயலியை லே இன் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கொடுத்தால் ஒத்திசைவு லே/2 வீதத்தில் தேயும், அது சரி. பவுலியின் சிக்மா இசட் தாயத்தை அதே வர்க்கமூலத்தால் பெருக்கிக் கொடுத்தால் தேய்வு 2·லே ஆகிவிடும், நான்கு மடங்கு கூட. சிக்மா இசட்டைத்தான் பாவிக்க விரும்பினால் லே/4 இன் வர்க்கமூலத்தை இட வேண்டும்.

கியூடிப்பில் இன்னொரு குழி: சிக்மா மைனஸ் செயலி 0ஆம் இலக்க நிலையிலிருந்து 1ஆம் இலக்க நிலைக்கு இறக்கும். டிஸ்ட்ரோய் என்ற செயலி இதற்கு நேர்மாறாக 1இலிருந்து 0க்கு இறக்கும். இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால் அணு மேல்நோக்கித் தேயத் தொடங்கும். ஓ = 0 ஆக்கி, அருட்டிய நிலையில் தொடங்கி, 26.2 நானோசெக்கனில் குடித்தொகை 0.368க்கு இறங்குகிறதா என்று பார்த்தால் இது உடனே வெளிப்படும். அடுத்து கா = 0, ஓ = 0 ஆக்கி, லே மட்டும் 1 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்கு உரியதாக வைத்து, ஒத்திசைவு மட்டுமுள்ள நிலையில் தொடங்குங்கள். அது 318 நானோசெக்கனில் 0.368க்கு வர வேண்டும். 159 என்று வந்தால் அரை அகலச் சிக்கல், 80 அளவில் வந்தால் சிக்மா இசட் சிக்கல், 2000 அளவில் வந்தால் 2பை விடுபட்டிருக்கிறது. இந்த இரண்டு ஓட்டங்களையும் செய்யாத கணிப்பை நான் நம்புவதில்லை.

நிலையான நிலையில் கணினியே தேவையில்லை. பம்பும் வீதம் ப = ஓ²·கு ÷ [2·(கு² + டெ²)] என்று எழுதினால், அருட்டிய நிலைக் குடித்தொகை ப ÷ (கா + 2ப). இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எண்சார் தீர்வைச் சோதிக்க வேண்டும்.

பரிவில், ஓ = கா என்று வைத்தால், தூய லேசருக்கு 0.333, 1 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள லேசருக்கு 0.316. குறைவு 5 சதவீதம்தான். லேசரை மங்கலாக்கி ஓ = 0.1 கா என்று வைத்தால் 0.00980 என்பது 0.00844 ஆகிறது, 14 சதவீதக் குறைவு. பலமாக இயக்கும்போது நிரம்பல் நிலை வரியகலத்தின் பாதிப்பை உயரத்தில் மறைத்துவிடுகிறது. அகலத்திலோ மறைக்காது. டெ ஐ மாற்றிக் குடித்தொகையின் வரைபைப் போட்டால், மங்கலான லேசருக்கு முழு அகலம் 6.13இலிருந்து 7.13 மெகாஹேர்ட்ஸாகக் கூடுகிறது, எதிர்பார்த்தபடியே. ஓ = கா எனும்போது 10.5இலிருந்து 11.65க்குப் போகிறது. 1 மெகாஹேர்ட்ஸைவிடக் கூடுதலாக அகன்றிருக்கிறது, ஏனென்றால் கு என்பது வலுவால் வரும் அகலத்தையும் சேர்த்துப் பெருக்குகிறது. ஆய்வுகூடத் தரவில் இயற்கை அகலத்தையும் வலு அகலத்தையும் கழித்துவிட்டு மிச்சத்தை லேசரின் அகலம் என்று அறிவிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே லேசர் அகலத்தை ஸ்ட்ரொன்சியத்தின் 689 நானோமீற்றர்க் கோட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே இயற்கை அகலம் 7.5 கிலோஹேர்ட்ஸ் மட்டும். ஓ = கா எனில் தூய லேசர் 0.333 தரும், 1 மெகாஹேர்ட்ஸ் லேசர் 0.0073 தரும். நாற்பத்தைந்து மடங்கு வீழ்ச்சி. ருபீடியத்துக்குப் போதுமான லேசர் ஸ்ட்ரொன்சியத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. அந்தக் கோட்டில் வேலை செய்பவர்கள் லேசரை ஓர் உறுதியான ஒளிக்குழியோடு பூட்டிக் கிலோஹேர்ட்ஸுக்கும் கீழே இறக்குவது இதனால்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் சராசரியாக்கிய சமன்பாடு. அதன் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, அவத்தையை உண்மையாகவே நடக்கவிட வேண்டும். இணுவிலிலோ அளவெட்டியிலோ ஒரு தவில்காரர் தனியே வாசிக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வோர் அடியும் முந்தியதிலிருந்து மயிரிழை முந்தியோ பிந்தியோ விழுகிறது, பக்கத்தில் தாளம் போட்டுத் திருத்த ஆளில்லை. எந்த அடியும் தனியே பார்த்தால் தவறில்லை. ஆனால் பிசகுகள் கூடிக் கூடி, கொஞ்ச நேரத்தில் அவர் எங்கே நிற்க வேண்டியவர் என்று சொல்ல முடியாமல் போகிறது. லேசரின் அவத்தையும் அப்படித்தான், அதை இழுத்து நிறுத்தும் விசை எதுவும் இல்லை. அதன் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) நேரத்தோடு நேராக வளர்கிறது: நேரம் நே கழிந்தபின் அது லே·நே.

நிரலில் இது ஒவ்வோர் அடியிலும் ஒரு கூட்டல்: புதிய அவத்தை = பழைய அவத்தை + (லே × அடி நேரம்) இன் வர்க்கமூலம் × நியமக் கௌசியன் எழுமாற்றெண். 1 மெகாஹேர்ட்ஸுக்கும் 0.1 நானோசெக்கன் அடிக்கும் நியம விலகல் 0.025 ஆரையன். வர்க்கமூலத்தை மறந்து அடி நேரத்தாலேயே பெருக்குவது இங்கே அடிக்கடி காணும் பிழை. அப்படிச் செய்தால் அடியைப் பாதியாக்கும்போதெல்லாம் இரைச்சலும் பாதியாகும், அடி சிறுக்கச் சிறுக்க லேசர் தானாகவே தூய்மையாகிவிடும். அடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி விடை மாறுகிறதா என்று பார்ப்பதே இதற்கு மருந்து.

இந்தப் பாதைகளைக் கூட்டும் வேலைக்குத் தயார்நிலைத் தீர்வு நிரல்களைப் பாவிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடியைத் தானே கூட்டிக் குறைக்கும் நிரல், வழுவை மதிப்பிட ஒரே இடைவெளிக்குள் முன்னும் பின்னும் போய்ப் பார்க்கும். எழுமாற்றெண்ணை அழைக்கும்போதெல்லாம் புதிதாக உருவாக்கினால், ஒரே கணத்துக்கு இரண்டு வெவ்வேறு அவத்தைகளை அது காணும். குழம்பி அடியைச் சுருக்கிக்கொண்டே போய் நின்றுவிடும். முன்கூட்டியே அட்டவணையாக்கி வளைவுப் பொருத்தலால் இடைநிரப்பினால் அது ஓடும், ஆனால் அந்தப் பொருத்தல் மேல் மீடிறன் இரைச்சலை இழைத்துவிடும். எவ்வளவு இழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

இதைவிட எளிய, வேகமான, செம்மையான வழி இருக்கிறது. லேசரின் அவத்தையோடு சேர்ந்து சுழலும் சட்டத்தில் நில்லுங்கள். அங்கே லேசர் மாறுவதில்லை, அணுவின் அ, ஆ கூறுகள்தான் ஒவ்வோர் அவத்தை மாற்றத்துக்கும் எதிர்த்திசையில் சுழல்கின்றன. இயக்கமும் தேய்வும் சேர்ந்த பகுதி மாறிலிக் குணகங்கள் கொண்டது. ஆகவே மூன்றுக்கு மூன்று தாயத்தின் அடுக்குக்குறியை ஓர் அடிக்கு ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால் போதும். நிலையான நிலையைக் கழித்துவிட்டு அந்தத் தாயத்தால் பெருக்கி, மீண்டும் நிலையான நிலையைக் கூட்டுங்கள். பிறகு அ, ஆ இரண்டையும் எழுமாற்றுக் கோணத்தால் சுழற்றுங்கள். சுழற்சியைப் பாதி முன்னும் பாதி பின்னுமாகப் பிரித்தால் வழு அடியின் வர்க்கத்தோடு குறையும். இந்தத் தாயத்திலும் நிலையான நிலையிலும் கு என்பது கா/2 மட்டுமே. லே ஐ அங்கேயும் சேர்த்துவிட்டால் ஒரே இரைச்சலை இரண்டு தரம் எண்ணியதாகும். விடை பார்க்க நம்பும்படியே இருக்கும் என்பதால் இந்தப் பிழை நீண்ட நாள் ஒளிந்திருக்கும்.

2000 பாதைகளை மூன்று நிரைகள் கொண்ட ஒரே அணியாகப் பைதனின் நம்பை நூலகத்தில் வைத்தால், ஒரு பெருக்கல் எல்லாப் பாதைகளையும் ஓர் அடி நகர்த்தும். ருபீடியத்துக்குப் பத்து ஆயுட்காலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, 300 நானோசெக்கன் ஓடினால் போதும், 0.1 நானோசெக்கன் அடியில் 3000 அடிகள். பழைய மடிக்கணினியிலும் சில செக்கன்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே பைதன் வளையம் எழுதினால் அதே வேலை பல நிமிடம் இழுக்கும். கிடைத்த 2000 குடித்தொகைகளின் நியம விலகலை 45ஆல், அதாவது 2000இன் வர்க்கமூலத்தால், வகுத்தால் சராசரியின் நியம வழு. சூத்திரம் தரும் 0.316 அந்த வழுவின் இரண்டு மடங்குக்குள் விழ வேண்டும். வெள்ளை இரைச்சலுக்கு இந்த ஒற்றுமை தோராயமானது அல்ல: எழுமாற்றுச் சுழற்சியின் சராசரி எடுத்தால் சரியாக அந்த லே/2 தேய்வுதான் வருகிறது. ஆகவே ஒத்துவராவிட்டால் பிழை நிரலில் இருக்கிறது, பௌதிகவியலில் இல்லை. விலகல் பெரிதாகும்போது அடியையும் சிறிதாக்க மறக்க வேண்டாம். டெ 1 கிகாஹேர்ட்ஸ் என்றால் 0.1 நானோசெக்கனுக்குள் 0.63 ஆரையன் சுழன்றுவிடும், 0.02க்கு இறக்குவது நல்லது.

ஓரிரு ஓட்டங்களுக்கு இது விளையாட்டு. டெ ஐயும் ஓ ஐயும் ஒரு வலையாக வைத்து ஸ்ட்ரொன்சியத்துக்கு ஓட்டினால் கதை வேறு. ஆயுள் 21 மைக்கிரோசெக்கன், அடி 1 நானோசெக்கன். ஒரு புள்ளிக்கே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அடிகள். சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைக்கும், இரவில் ஓட்டுவது மேல். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு வலைப்புள்ளியும் முடிந்தவுடன் விடையையும் எழுமாற்றெண் விதையையும் கோப்பில் எழுதி, மறுபடி தொடங்கும்போது முடிந்த புள்ளிகளைத் தாண்டிப் போகும்படி நிரலை அமையுங்கள். மின் வெட்டாத காலத்திலும் இந்தப் பழக்கம் பயன்படும்: சந்தேகமான ஒரு புள்ளியை அதே விதையோடு தனியே ஓட்டிப் பார்க்கலாம்.

இனித்தான் விடயத்தின் கடினமான பகுதி. விவரத்தாளின் 1 மெகாஹேர்ட்ஸ் உண்மையில் வெள்ளை இரைச்சலால் வந்ததா? 1958இல் ஷாலோவும் டவுன்ஸும் காட்டிய அடிப்படை எல்லை வெள்ளை இரைச்சல்தான். குறைகடத்தி லேசர்களில் அந்த எல்லை ஏன் பல மடங்கு கூடுகிறது என்பதை 1982இல் சாள்ஸ் ஹென்றி விளக்கினார். ஆனால் ஓர் ஒளிகாலும் இருவாயி லேசரை மேசையில் வைத்து அளந்தால் வரும் அகலத்தில் பெரும்பங்கு மின்னோட்ட இரைச்சலாலும் வெப்பநிலையாலும் அதிர்வாலும் வருவது. அது மெதுவான இரைச்சல். மீடிறன் ஒரு மையத்தைச் சுற்றி ஆறுதலாக அலைகிறது, நிறமாலை கௌசியன் வடிவத்துக்கு நெருங்குகிறது.

மெதுவான இரைச்சலை ஒத்திசைவு இழப்பாக எழுதுவது தவறு. அணுவின் ஆயுளுக்குள் மீடிறன் மாறவே இல்லை என்றால், அணு ஒவ்வொரு கணமும் ஒரு தூய லேசரைத்தான் காண்கிறது, அந்த லேசர் சற்றே விலகிய இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். செய்ய வேண்டியது, தூய லேசருக்கான சூத்திரத்தை டெ இன் கௌசியன் பரம்பல் மீது சராசரியாக்குவது. நேரத்தில் ஓட்டவே தேவையில்லை.

வித்தியாசம் எவ்வளவு? ருபீடியம், பரிவு, ஓ = 0.1 கா, அகலம் 1 மெகாஹேர்ட்ஸ். வெள்ளை இரைச்சல் என்றால் 14 சதவீதக் குறைவு என்று கண்டோம். அதே முழு அகலமுள்ள மெதுவான கௌசியன் என்றால் நியம விலகல் 0.425 மெகாஹேர்ட்ஸ், குறைவு 2 சதவீதத்துக்கும் கீழே. விவரத்தாளில் ஒரே எண், பாதிப்பில் ஏழு மடங்கு வேறுபாடு. லொரென்ட்சியன் தன் நீண்ட வால்களில் வலுவைக் கசியவிடுகிறது, கௌசியனுக்கு அப்படி வால்கள் இல்லை.

அந்த வால்கள் தூர விலகலில் இன்னும் மோசமாக ஏமாற்றும். டெ 1 கிகாஹேர்ட்ஸ் என்று வைத்தால் பம்பும் வீதம் கு ஓடு நேர்விகிதத்தில் போகிறது. ஆகவே 1 மெகாஹேர்ட்ஸ் வரியகலம் சிதறலை 16 சதவீதம் கூட்டும் என்று சமன்பாடு சொல்லும். மெதுவாக அலையும் உண்மை லேசரில் அந்தக் கூடுதல் கிட்டத்தட்ட பூச்சியம். ஒளிப்பொறியில் அணுக்கள் எவ்வளவு சூடேறும் என்று கணிப்பவர்களுக்கு இது சிறிய விடயம் இல்லை. தூர விலகலில் முக்கியமானது வரியகலம் அல்ல, அந்த விலகலுக்குச் சமமான மீடிறனில் லேசரின் இரைச்சல் எவ்வளவு என்பது.

ஸ்ட்ரொன்சியத்தில் நிலைமை வேறு விதமாகத் திரும்புகிறது. ஓ = கா, அகலம் 1 மெகாஹேர்ட்ஸ்: வெள்ளை இரைச்சலுக்கு 0.0073, மெதுவான கௌசியனுக்கு 0.0064. சராசரிகள் கிட்டக் கிட்ட. ஆனால் முதலாவதில் எல்லா அணுக்களும் எந்நேரமும் அந்தச் சிறு குடித்தொகையிலேயே இருக்கின்றன. இரண்டாவதில் பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. லேசர் பரிவைக் கடக்கும் அரிதான கணங்களில் மட்டும் குடித்தொகை 0.33 வரை ஏறி இறங்குகிறது. சராசரியை மட்டும் வரைந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. தனிப் பாதைகள் பத்தையாவது வரைந்து பாருங்கள்.

உண்மை லேசர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருக்கும். அதற்கு வேண்டியது மீடிறன் இரைச்சலின் வலு அடர்த்தி, அதாவது ஒவ்வோர் இரைச்சல் மீடிறனிலும் எத்தனை ஹேர்ட்ஸ் வர்க்கம் ஒரு ஹேர்ட்ஸுக்கு என்ற வரைபு. அதிலிருந்து பாதை உருவாக்குவது நேரடியானது: ஒவ்வொரு மீடிறனுக்கும் எழுமாற்றுச் சிக்கலெண் ஒன்றை எடுத்து, அடர்த்தியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, நேர்மாறு பூரியே மாற்றம் செய்தால் மீடிறன் நேரத்தொடராக வரும், அதைத் தொகையிட்டு 2பை ஆல் பெருக்கினால் அவத்தை. முன்னெண்கள் சரியா என்று வெள்ளை இரைச்சலால் சோதியுங்கள். ஒருபக்க அடர்த்தி மாறிலியாக இருந்தால் லொரென்ட்சியன் முழு அகலம் அந்த மாறிலியின் பை மடங்கு. ஆகவே 1 மெகாஹேர்ட்ஸுக்கு 3.18 இலட்சம் ஹேர்ட்ஸ் வர்க்கம் ஒரு ஹேர்ட்ஸுக்கு. மீடிறன் தொடரின் மாறற்றிறன் அந்த அடர்த்தியை அடி நேரத்தின் இரு மடங்கால் வகுத்ததற்குச் சமமாக வர வேண்டும். ஒருபக்க, இருபக்க அடர்த்திகளைக் குழப்பினால் இங்கே சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம் தெரியும்.

பூரியே முறையில் உருவாகும் தொடரின் தலையும் வாலும் ஒன்றோடொன்று பொருந்தும், இயற்கை அப்படிச் செய்வதில்லை. தேவையானதைவிட இரண்டு மடங்கு நீளமாக உருவாக்கி முதற்பாதியை மட்டும் பாவியுங்கள். தொடரின் முழு நீளத்தைவிட மெதுவான இரைச்சல் எதுவும் அதில் இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மீடிறனுக்கு நேர்மாறாகப் போகும் இரைச்சலில், நீங்கள் காணும் வரியகலமே எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. விவரத்தாளில் அளவீட்டு நேரம் எழுதப்படாத வரியகலத்துக்குப் பாதி அர்த்தம்தான் உண்டு.

அடர்த்தி வரைபிலிருந்து அகலத்தைக் கண்ணாலேயே மதிப்பிட ஒரு வழியை டி டொமெனிகோ, ஷில்ட், தோமான் மூவரும் 2010இல் தந்தார்கள். இரைச்சல் மீடிறனை 0.56ஆல் பெருக்கி ஒரு நேர்கோடு வரையுங்கள். அடர்த்தி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும் பகுதி மட்டுமே வரியகலத்துக்குப் பங்களிக்கிறது; கீழே உள்ளது வால்களுக்குப் போகிறது. மேலுள்ள பரப்பை 5.55ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் முழு அகலம். குழியோடு பூட்டிய லேசரில் பூட்டும் சுற்றின் எல்லையருகே, சில நூறு கிலோஹேர்ட்ஸிலிருந்து ஒரு மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்தில், ஒரு திமில் எழும். அது பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே இருப்பதால் வரியகலத்தில் தெரியாது. ஆனால் உங்கள் ராபி மீடிறன் அந்தத் திமிலின் மேல் போய் உட்கார்ந்தால் அலைவுகள் எதிர்பாராத வேகத்தில் தேயும். ஓ ஐ மாற்றி மாற்றித் தேய்வைக் கணித்தால் அந்த இடம் துல்லியமாகத் தெரியும். சராசரியாக்கிய சமன்பாட்டில் இது வரவே வராது.

கடைசியாக ஒளிர்வின் நிறமாலை. குடித்தொகைக்குச் சரியாக இருந்த கு = கா/2 + லே/2, வெள்ளை இரைச்சலுக்குக்கூட இங்கே தவறிவிடும். அந்த உறுப்பு மோதல்களால் வரும் ஒத்திசைவு இழப்புக்கும் லேசர் இரைச்சலுக்கும் ஒன்றேதான், ஆனால் வெளிவரும் ஒளி ஒன்றல்ல. மங்கலான தூய லேசரும் மோதல்களும் என்றால், சிதறும் ஒளியில் லேசரின் மீடிறனில் ஊசிபோல ஒரு கோடும், அணுவின் மீடிறனில் கா + லே அகலமுள்ள ஒரு மேடும் இருக்கும். லேசர்தான் இரைச்சலுடையது என்றால் ஊசி இருக்கவே முடியாது. அந்தக் கோட்டின் அகலம் லே, அணுவின் மேட்டின் அகலம் கா மட்டும். 1969இல் மொலோ கோட்பாட்டில் காட்டிய மும்முனை நிறமாலையை இரைச்சலுடைய லேசருக்குக் கணிக்க, கியூடிப்பின் தயார்நிலைச் சார்பைக் கு ஓடு அழைத்தால் மோதலுக்கான விடைதான் கிடைக்கும்.

சரியான வழியை அகர்வாலும் எபர்லியும் 1976இல் தனித்தனியே காட்டினார்கள், கிம்பிளும் மாண்டெலும் அடுத்த ஆண்டில் விரித்தார்கள். இருநேரத் தொடர்புச் சமன்பாடுகளில் ஒவ்வோர் உறுப்பும் லேசரின் அவத்தையை எத்தனை மடங்கு சுமக்கிறதோ, அதன் வர்க்கத்தை லே/2ஆல் பெருக்கி அதன் தேய்வோடு கூட்ட வேண்டும். கீழிறக்கும் செயலி அவத்தையைச் சுமப்பதில்லை, அது கா/2 வீதத்திலேயே தேயும். குடித்தொகை வேறுபாடு ஒரு மடங்கு சுமக்கிறது: கா + லே/2. மேலேற்றும் செயலி இரு மடங்கு: கா/2 + 2·லே. குடித்தொகைச் சமன்பாட்டில் மாறிலியாக நின்ற −கா என்ற உறுப்பும் இங்கே மாறிலி அல்ல, அது லே/2 வீதத்தில் தேயும் நான்காவது மாறியாகிறது. அதை மாறிலியாகவே விட்டால் அந்தப் பொய் ஊசி திரும்பி வந்துவிடும். ஆரம்பப் பெறுமானங்கள் சராசரியாக்கிய சமன்பாட்டின் நிலையான நிலையிலிருந்து வருகின்றன, அங்கே கு பழையபடி கா/2 + லே/2. நான்குக்கு நான்கு தாயம் ஒன்றின் நேர்மாறை ஒவ்வொரு மீடிறனிலும் எடுத்தால் நிறமாலை முழுவதும் கைக்கு வந்துவிடும். அதன் முழுப் பரப்பும் குடித்தொகைச் சூத்திரம் தந்த எண்ணோடு ஒத்துவர வேண்டும்: ஓ = கா, 1 மெகாஹேர்ட்ஸ் என்றால் அதே 0.316. ஒத்துவராவிட்டால் முதலில் ஆரம்பப் பெறுமானங்களைப் பாருங்கள், அடுத்து மீடிறன் வீச்சு வால்களைப் பிடிக்கும் அளவுக்கு அகலமா என்று பாருங்கள்.